சி.இ.டி. கோட்டிங் போட்டும் 14 மாதத்தில் லாரி பாடியில் துரு: எங்கே தவறு?

உப்பு_லோடு, நாமக்கல்:
வணக்கம். எங்கள் லாரி தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி ஓடுகிறது. பழைய பாடிக்கு ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் அடித்திருந்தோம். இரண்டே வருடத்தில் தளத்துக்கு அடியில் இருந்த கிராஸ் மெம்பர்கள் (குறுக்குச் சட்டங்கள்) செதில் செதிலாக உதிர்ந்துவிட்டன. அதனால் புதுப் பாடிக்குக் கூடுதலாகச் செலவு செய்து, பாகங்களைத் தனித்தனியாக சி.இ.டி. கோட்டிங்குக்கு (பெயிண்ட் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஏற்றும் பூச்சு) அனுப்பி, வந்த பிறகு பட்டறையில் பூட்டினோம். கார் பாடிக்கே இதுதான் போடுகிறார்கள் என்று நம்பிச் செய்தேன். 14 மாதத்தில் மறுபடியும் துரு வந்து நிற்கிறது. தகட்டின் நடுப்பகுதியெல்லாம் இன்னும் புதிது போலக் கறுப்பாகவே இருக்கிறது. விளிம்பிலும், வெல்டிங் கோட்டிலும், பின்கதவுக் கீல் இருக்கும் இடத்திலும்தான் துரு. பாக்ஸ் பைப் முனையிலிருந்து பழுப்புத் தண்ணீரும் வடிகிறது. கோட்டிங் போட்டவர் ஏமாற்றிவிட்டாரா? இனி என்ன செய்வது?

தொட்டிக்காரன், ஓசூர்:
ஏமாற்றியிருந்தால் நடுப்பகுதியும் போயிருக்கும் அண்ணா. அது நன்றாக இருப்பதால் தொட்டியில் பெரிய குறை இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். விளிம்பில் தூக்கி நிற்கும் பெயிண்டைக் கத்தியால் ஒரு துண்டு பெயர்த்து, அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெயிண்ட் நிறம்தான் இருக்கிறதா, இல்லை சாம்பல் நீலத்தில் ஓடு போல ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா? அப்புறம், கீலை வெல்டு வைத்தது கோட்டிங்குக்கு முன்பா, பின்பா?

உப்பு_லோடு:
சாம்பல் நிறத்தில் மெல்லிய ஓடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதன் கீழே இரும்பு பளபளப்பாக இருக்கிறது. கீல் பின்னால் வைத்ததுதான். பட்டறையில் வைத்து, மேலே கறுப்பு ஸ்பிரே அடித்தார்கள்.

தொட்டிக்காரன்:
அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு நோய் இல்லை, நான்கு.

அந்த ஓடு லேசர் வெட்டில் வந்தது. ஆக்சிஜன் வைத்துத் தகடு வெட்டினால் விளிம்பில் ஆக்சைடு படலம் உண்டாகும். பெயிண்ட் அந்தப் படலத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் படலம் இரும்பைப் பிடிக்காது. வண்டி அதிரும்போது இரண்டும் சேர்ந்து கழன்று வந்துவிடும். நைட்ரஜன் வைத்து வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை. இல்லையென்றால் விளிம்பை கிரைண்டர் பிடித்தோ, பிளாஸ்டிங் (மணல் போன்ற துகளை வேகமாக அடித்துச் சுரண்டுவது) செய்தோ அனுப்ப வேண்டும்.

விளிம்பு கூராக இருந்தால் இன்னொரு கேடும் உண்டு. சரக்கை நெகட்டிவ் முனையில் கட்டி, எபாக்ஸி என்ற பிசின் கலந்த தண்ணீர்த் தொட்டியில் முக்கி, 200, 300 வோல்ட் கொடுத்தால் ஏறுவது 20 மைக்ரான் அளவுதான். அதை 170 டிகிரி சூட்டில் வேக வைக்கும்போது பெயிண்ட் இளகி, கூர்முனையை விட்டு விலகிவிடும். அங்கே மிஞ்சுவது பேருக்குத்தான் பெயிண்ட். விளிம்பை 2 மில்லிமீட்டர் அளவுக்காவது உருட்டிவிட வேண்டும்.

வெல்டிங் கோட்டை உற்றுப் பாருங்கள். மிக் வெல்டிங் மேல் கண்ணாடி போலப் பழுப்புப் பொட்டுகள் இருக்கும். கம்பியில் இருக்கும் சிலிக்கான் எரிந்து வந்த கசடு அது. மின்சாரம் அதன் வழியாகப் பாயாது, எனவே பெயிண்டும் ஏறாது. தொட்டிக்கு அனுப்பும் முன் தட்டியோ பிளாஸ்டிங் செய்தோ எடுத்தாக வேண்டும்.

கீலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெல்டு வைத்த இடத்தில் கோட்டிங் எரிந்துவிட்டது. அதன் மேல் அடித்த ஸ்பிரே வெறும் சாயம்.

பட்டறை_25வருடம், திருச்செங்கோடு:
தம்பி சொல்வது சரிதான். பாக்ஸ் பைப்பைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டு முனையையும் அடைத்துத் தொட்டியில் விட்டால் உள்ளே பெயிண்ட் எப்படிப் போகும்? முக்கும்போது காற்று வெளியே போக மேலே ஓட்டை வேண்டும், தூக்கும்போது வடிய கீழே ஓட்டை வேண்டும். உங்களுடையதில் உள்ளே வெறும் இரும்புதான் இருக்கும். உப்புத் தண்ணீர் எப்படியோ உள்ளே போய்விட்டது, வெளியே வரத்தான் வழியில்லை. அடுத்த பாடி கட்டும்போது வெல்டிங், துளை எல்லாம் முடித்த பிறகே கோட்டிங்குக்கு அனுப்புங்கள். கோட்டிங் ஆனபின் போல்ட் மட்டும்தான். எனக்கே இது பிடிபடப் பல வருடம் ஆனது.

உப்பு_லோடு:
மனசு கொஞ்சம் ஆறியது. இப்போது ஓடும் வண்டியைக் காப்பாற்ற வழி உண்டா? எல்லாவற்றையும் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்துவிடலாம் என்கிறார்கள்.

தொட்டிக்காரன்:
தயவு செய்து எல்லாவற்றையும் சுரண்டாதீர்கள். நடுவில் இருக்கும் கோட்டிங் உங்களுக்குச் சொத்து.

முதலில் நல்ல தண்ணீரில், உப்பு போகும் வரை அடித்துக் கழுவுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலரும் தோற்கிறார்கள். துருவுக்குள் உப்பு இருந்தால் மேலே எது அடித்தாலும் கொப்பளிக்கும். காய்ந்தபின் துருப்பிடித்த இடத்தை மட்டும் வெள்ளை இரும்பு தெரியும் வரை கிரைண்டர் பிடித்து, விளிம்பை உருட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை கழுவித் துடையுங்கள். துணி அன்றைக்கே காயும் வெயிலில் செய்யுங்கள். இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி ஜிங்க் பிரைமரை வெறும் இரும்பில் மட்டும் பூசுங்கள். ஜிங்க் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும், பழைய கோட்டிங் மேல் பூசுவது வீண். விளிம்புக்கும் வெல்டிங்குக்கும் பிரஷ்ஷால் ஒரு கோட் கூடுதலாகக் கொடுங்கள். அதன்மேல் எபாக்ஸி. வெயில் படும் பக்கத்துக்குக் கட்டாயம் பி.யு. (பாலியூரித்தேன்) டாப் கோட் வேண்டும். சி.இ.டி. கோட்டிங்கும் எபாக்ஸிதான், வெயிலில் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும்.

பாக்ஸ் பைப்பின் தாழ்ந்த முனையில் ஓட்டை போட்டு, உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, நீள ட்யூப் வைத்து கேவிட்டி வேக்ஸ் (குழாயின் உட்புறத்துக்கு அடிக்கும் துரு தடுப்பு மெழுகு) அடியுங்கள். வருடம் ஒருமுறை மறுபடி அடிக்கலாம்.

பட்டறை_25வருடம்:
தகடு மேல் தகடு வரும் இடத்தில் சீலன்ட் வைப்பதானால் ஈரம் முழுதாகப் போனபின் வையுங்கள். உப்பையும் சேர்த்து உள்ளே பூட்டிவிட்டால் முன்பைவிட வேகமாக அரிக்கும்.

உப்பு_லோடு:
நேற்று பைப் அடியில் ஓட்டை போட்டோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு டம்ளர் பழுப்புத் தண்ணீர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கழுவப் போகிறோம். அடுத்துக் கட்டப்போகும் பாடிக்கு வரைபடத்திலேயே ஓட்டைகளைக் குறித்துக் கொடுத்துவிட்டேன். கீலுக்கும் போல்ட்தான். இருவருக்கும் ரொம்ப நன்றி.