30,000 ரூபாய்க்குள் 120 ஹெர்ட்ஸ் டிவியா? யாரிடம் கதை விடுகிறீர்கள்?

காவிரிக்கரை:
பிஎஸ்5 கேம் கன்சோல் வாங்கியாச்சு. ஹாலில் இருப்பது பழைய 32 இஞ்ச், 1366×768 தான். 30,000 ரூபாய்க்குள் 43 இஞ்சில் ஒரு 4கே டிவி பார்க்கிறேன். சோபாவிலிருந்து டிவிக்கு எட்டு அடி இருக்கும். கால்பந்துதான் அதிகம் ஆடுவேன், கொஞ்சம் ஃபோர்ட்நைட், மற்றபடி கதை உள்ள கேம்கள். வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை:
கண்ணை மூடிக்கொண்டு 120 ஹெர்ட்ஸ் டிவி, அதாவது நொடிக்கு 120 முறை படம் மாறும் டிவி, வாங்குங்கள் தம்பி. இப்போது இந்த விலையிலேயே வருகிறது, பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இன்னமும் 60 ஹெர்ட்ஸ் வாங்குகிறவர்கள் பிஎஸ்5-ஐ எதற்கு வாங்கினார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

பிக்சல்மாறன்:
இந்த மாதிரி பதிலைப் படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பெட்டியில் 120 என்று அச்சடித்தால் உள்ளே இருக்கும் பேனல் 120 ஆகிவிடுமா? அந்த விலையில் வரும் 43 இஞ்ச் டிவிகளில் பேனல் 60 தான். 120 என்று போடுவது பெரும்பாலும் எம்இஎம்சி கணக்கு. இரண்டு ஃபிரேமுக்கு, அதாவது அடுத்தடுத்த இரண்டு படத்துக்கு, நடுவில் டிவியே ஒன்றைக் கற்பனை செய்து செருகும். அதைச் செருக வேண்டுமென்றால் அடுத்த ஃபிரேம் வரும் வரை முந்தையதைப் பிடித்து வைத்துக் காத்திருக்க வேண்டும். நீங்கள் பட்டனை அழுத்தினால் திரையில் தாமதமாகத்தான் தெரியும். அதனால்தான் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட்டதும் பெரும்பாலான டிவிகளில் அது தானாக அணைந்துவிடுகிறது. அப்புறம் உங்கள் 120 எங்கே?

கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

நெல்லைச்சீமை:
எம்இஎம்சி பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் டிவியில் கேம் மோடிலேயே 120 வருகிறது. பிஎஸ்5-இல் திரை அமைப்புக்குள் போய் வீடியோ வெளியீட்டுத் தகவலைப் பாருங்கள். எனக்கு 1920×1080, 120 ஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. படமும் இணைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தது சோனிக்குத் தெரியவில்லையா?

பிக்சல்மாறன்:
படத்துக்கு நன்றி. நான் சொல்ல வந்ததை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். 1920×1080! 4கே என்று காசு கொடுத்து வாங்கிய டிவியில் 1080-க்கு இறங்கித்தானே 120 வருகிறது? உங்கள் டிவியில் இருப்பது டிஎல்ஜி. பேனல் இரண்டு வரிசையை ஒரே நேரத்தில் எழுதும், 2160 வரிசை 1080 ஆகிவிடும், மிச்சமான நேரத்தில் இன்னொரு ஃபிரேம். நாலு இட்லியைப் பாதியாக வெட்டி வைத்து எட்டு இட்லி என்று பில் போடுவதற்குப் பெயர் 120 ஹெர்ட்ஸா?

பேனல் 60. இதில் மாற்றமே இல்லை.

நெல்லைச்சீமை:
கன்சோல் அனுப்புவதே 1080 வரிசைதான். பேனல் 1080 வரிசையைக் காட்டுகிறது. இதில் எந்த வரிசை காணாமல் போயிற்று, சொல்லுங்கள் பார்ப்போம். இன்னொன்றும் கேளுங்கள். 43 இஞ்சில் 1080-இன் புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால், நல்ல கண் உள்ளவரே ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். தம்பி உட்காருவது எட்டு அடியில். அந்த தூரத்தில் 4கே-க்கும் 1080-க்கும் என்ன வித்தியாசத்தைக் கண்டுவிடப் போகிறார்? ஃபோர்ட்நைட்டில் 120 ஃபிரேம் வருவது மட்டும் கையில் நன்றாகவே தெரியும். ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்டிலிருந்து 8.3-க்கு வருகிறது.

பிக்சல்மாறன்:
அப்படியானால் 4கே டிவி எதற்கு? ஃபுல் எச்டியே போதும் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாமே. அங்கே எழுதியது “120 ஹெர்ட்ஸ் டிவி”. இப்போது சட்டென்று வந்து “1080-இல் 120” என்கிறீர்கள். நாளைக்கு என்ன?

ரிச்சிதெரு_வாசி:
சண்டையை விட்டுவிட்டு அவர் கேட்டதற்கு வருவோம். காவிரி, முதலில் டிவியில் எச்டிஎம்ஐ போர்ட் எந்தத் தரம் என்று பாருங்கள். 2.0 என்றால் 18 ஜிகாபிட், 4கே-இல் 60 வரைதான் போகும். 4கே 120 வேண்டுமென்றால் 2.1 வேண்டும். 2.1 இருந்தாலும் பல டிவிகளில் இரண்டு போர்ட்டில்தான் இருக்கும், அதில் ஒன்று சவுண்ட்பாருக்கு ஒலி அனுப்பும் இஏஆர்சி. சவுண்ட்பார் மாட்டினால் அதுவும் போச்சு. அப்புறம், டிவி அமைப்புகளில் அந்தந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மேம்பட்ட சிக்னல் என்று ஒரு தெரிவு இருக்கும். அதை நாமாகப் போய் ஆன் செய்ய வேண்டும். செய்யாமல், வெளிச்சத்தையும் நிழலையும் இன்னும் நன்றாகக் காட்டும் “எச்டிஆர் வரவில்லை” என்று சர்வீஸுக்குப் போன் போடுகிறவர்கள் ஏராளம். கடைக்குப் போய் நேரில் பார்த்தே வாங்குங்கள்.

பிக்சல்மாறன்:
கடையில் நேரில் என்னத்தைப் பார்ப்பது? எல்லா டிவியும் ஷோரூம் மோடில், வெளிச்சம் உச்சத்தில், கண்ணைப் பறிக்கிற மாதிரி ஓடும். கேம் மோடு போட்டுக் காட்டச் சொன்னால் ரிமோட் இல்லை என்பார்கள். போன தீபாவளிக்கு இங்கே ஒருவர் கேட்டதற்கு “நேரில் பார்த்து வாங்குங்கள்” என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் வாங்கிய டிவியில் விளிம்பில் வெளிச்சம் கசிகிறது என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

ரிச்சிதெரு_வாசி:
அதற்கு நான் பொறுப்பா? நான் சொன்ன மாடலை அவர் வாங்கவே இல்லை. பழைய பதிவைத் தேடிப் படித்துவிட்டுப் பேசுங்கள். எதற்கெடுத்தாலும் என் பெயரை இழுப்பதே உங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

மானிட்டர்மணி:
எனக்கு இந்த விவாதமே புரியவில்லை. இதே காசுக்கு 27 இஞ்ச் 1440 வரிசை மானிட்டர் வாங்கினால் நிஜமான 144 ஹெர்ட்ஸ் பேனல் கிடைக்கும். 2022 செப்டம்பரிலேயே பிஎஸ்5-க்கு 1440 வெளியீடு வந்துவிட்டது. டிவி எதற்கு?

பிக்சல்மாறன்:
எட்டு அடி தூரத்தில் 27 இஞ்ச். ஸ்கோர் தெரியத் தொலைநோக்கியும் சேர்த்து வாங்கித் தருவீர்களா? ஸ்பீக்கர் தனி, வீட்டில் மற்றவர்கள் சீரியல் பார்க்க வேறு டிவி. கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதுவதில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மானிட்டர்மணி:
நிஜ 120 பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? நிஜ 120 எதில் இருக்கிறது என்று சொன்னேன். அதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

தேனிக்காரி:
நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன், அதைச் சொல்கிறேன். போனில் ஸ்லோ மோஷன் 240 ஃபிரேமில் வைத்து, கட்டைவிரலும் டிவியும் ஒரே காட்சியில் விழுகிற மாதிரி படம் பிடித்தேன். பட்டன் கீழே இறங்கியதிலிருந்து ஆள் குதிக்கும் வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ண வேண்டும். ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 4 மில்லிசெகண்ட். எங்கள் வீட்டு டிவி சாதாரண 60 ஹெர்ட்ஸ். கேம் மோடு அணைத்திருந்தபோது எண்ணிக்கை கேம் மோடில் வந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. குதிப்பது தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். 60-ஆ 120-ஆ என்பதைவிட இதுதான் கையில் உறைக்கிறது. காவிரி, ஏஎல்எல்எம் இருக்கிற டிவியாகப் பாருங்கள். கன்சோலை ஆன் செய்ததும் கேம் மோடு தானாக வந்துவிடும்.

பிக்சல்மாறன்:
இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்! 60 ஹெர்ட்ஸ் பேனல், நல்ல கேம் மோடு. தேனிக்காரி அக்கா சோதித்தே காட்டிவிட்டார். இனிமேல் 120 பேச்சை எடுக்காதீர்கள்.

நெல்லைச்சீமை:
அந்தச் சோதனையில் கேமின் தாமதம், கன்ட்ரோலரின் தாமதம் எல்லாம் சேர்ந்துதான் வரும். டிவியின் தாமதம் மட்டும் எவ்வளவு என்று அதில் தெரியாது. அவர் 120-ஐ அளக்கவும் இல்லை. அதை வைத்து நீங்கள் எப்படி ஜெயித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள்?

தேனிக்காரி:
நான் யாருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை. இரண்டு முறையும் கேம் ஒன்று, கன்ட்ரோலர் ஒன்று. மாறியது கேம் மோடு மட்டும், ஆகவே வித்தியாசம் டிவியினுடையது. நெல்லை அண்ணன் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். மாறன் அண்ணன் என் பெயரை அவர் கட்சிக்குச் சேர்க்க வேண்டாம்.

பிக்சல்மாறன்:
கட்சி எல்லாம் இல்லை. உண்மை ஒன்றுதான், பேனல் 60.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைத் தொடவே இல்லை. விலை குறைந்த விஏ வகை பேனலில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாற 16 மில்லிசெகண்டுக்கு மேல் கூட ஆகும். இருட்டுக் குகையில் கேமராவைத் திருப்பினால் கறுப்புப் பட்டை இழுத்துக்கொண்டே வரும். புள்ளி மாறி முடிப்பதற்குள் அடுத்த ஃபிரேம் வந்து நின்றால் 120 அனுப்பி என்ன பயன்? நெல்லையார் ராத்திரி நேரக் காட்சியில் ஆடும்போது டிவியைப் படம் பிடித்து இங்கே போடட்டும்.

காவிரிக்கரை:
அப்போ இன்னொரு வகையான ஐபிஎஸ் பேனல் வாங்கலாமா?

ரிச்சிதெரு_வாசி:
ஐபிஎஸ்-இல் அந்த இழுவை குறைவு, பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது. ஆனால் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1000:1 அளவுதான். ராத்திரி விளக்கை அணைத்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ-இல் அது 3000-க்கு மேல். கால்பந்து அதிகம் என்றால் ஐபிஎஸ், இருட்டு கேம் அதிகம் என்றால் விஏ. எச்டிஆர் என்று போட்டிருப்பதை இந்த விலையில் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வெளிச்சம் போதாது.

பிக்சல்மாறன்:
இருட்டு கேமுக்கு விஏ-வா? மேலே நான் எழுதியதைப் படித்தீர்களா இல்லையா?

ரிச்சிதெரு_வாசி:
படித்தேன். கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும் என்கிறவருக்கு விஏ. இழுவை பிடிக்காதவருக்கு ஐபிஎஸ். எல்லோர் கண்ணும் உங்கள் கண் இல்லை.

நெல்லைச்சீமை:
2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 ஆகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், முன்பு கைக்கு எட்டாத 120 ஹெர்ட்ஸ் இப்போது எட்டுகிறது. மாறன் பழைய விலையை வைத்துக்கொண்டு பேசுகிறார். இன்னொன்று, சில கேம்களில் 40 ஃபிரேம் மோடு இருக்கிறது, உதாரணம் ராட்செட் அண்ட் கிளாங்க். 120-ஐ மூன்றால் வகுத்தால் சரியாக 40. 60 ஹெர்ட்ஸில் அது வகுபடாது. உங்கள் 60-இல் அந்த மோடைப் போட்டுக் காட்டுங்கள்.

பிக்சல்மாறன்:
ஜிஎஸ்டி குறைந்தால் பேனல் மாறிவிடுமா? வரியைக் குறைத்தார்கள், ஹெர்ட்ஸைக் கூட்டவில்லை. 40 ஃபிரேம் மோடு இருப்பதே படம் துல்லியமாக வேண்டும் என்பவர்களுக்காக. அதை டிஎல்ஜி-யில் பாதி வரிசையில் போட்டுப் பார்ப்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். நான் டிவி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன். பேனலை இயக்கும் டீகான் போர்டைக் கழற்றிப் பார்த்தவனிடம் பெட்டியைக் காட்டிப் பேசாதீர்கள்.

நெல்லைச்சீமை:
வேலையைச் சொல்லி வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். என் மூன்று கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. எந்த வரிசை காணாமல் போனது? எட்டு அடியில் யாருக்கு 4கே தெரியும்? 60-இல் 40 எப்படி வகுபடும்?

மானிட்டர்மணி:
மானிட்டரில் இந்த மூன்று பிரச்சினையுமே கிடையாது.

பிக்சல்மாறன்:
மணி, தயவுசெய்து.

நெல்லையாரே, டிவியின் மாடல் எண்ணைப் போடுங்கள். உள்ளே என்ன பேனல் என்று நான் தேடி எடுத்துக் காட்டுகிறேன். 60 என்று வந்தால் அந்த முதல் பதிவை அழிக்க வேண்டும், சம்மதமா?

நெல்லைச்சீமை:
எதற்கு அழிக்க வேண்டும்? கன்சோல் காட்டுவது 120. படம் மேலே இருக்கிறது.

பிக்சல்மாறன்:
பேனல் எவ்வளவு என்று கேட்டேன்.

நெல்லைச்சீமை:
120 என்று சொன்னேன்.