ரோபோவின் பழுதை அறிவதா, நாடுவதா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ரோபோக்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். திரையில் தோன்றும் பிழை எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து, மூட்டிலிருந்து எழும் ஓசையையும் பதிந்து, இரண்டையும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியிடம் கொடுத்துப் பழுதின் காரணத்தைத் தேடும் முறையை ஓர் இயல் விளக்குகிறது. அதற்கு 'உரையாடிவழி ரோபோப் பழுதறிதல்' என்று தலைப்பிட்டிருக்கிறேன். பொருந்துமா?

தமிழாசிரியர் எழுதியது:

'ரோபோ' என்பதை ஏற்க இயலவில்லை. தொல்காப்பிய நெறிப்படி ரகரம் மொழிக்கு முதலாகாது. எழுதித்தான் ஆகவேண்டுமெனில் ரோமம் உரோமமானது போல 'உரோபோ' என்றாவது எழுதுங்கள். 1920இல் எழுதப்பட்ட செக் நாடகம் ஒன்றில், கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நம்மிடம் 'பொறி' இருக்கிறது. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவற்கருவிகளைச் சொல்லுமிடத்தில் 'வளைவிற் பொறி' என்கிறது. தானே வளைந்து அம்பெய்யும் கருவி என்று உரைகாரர் விளக்குகிறார். மனிதக் கையின்றி இயங்குவதற்கு இதைவிடப் பழைய பெயர் எது? 'பொறியன்' என்று ஆளலாம்.

பொறியியல் கற்பிப்பவர் எழுதியது:

ஐயா, பொறி என்றால் மாணவர்க்குத் தீப்பொறியும் எலிப்பொறியும் ஐம்பொறியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அன் விகுதி சேர்ந்தால் தரையில் திருகி நிறுத்திய இரும்புக் கையொன்று உயர்திணை ஆண்பாலாகிவிடும். (நண்டைக் குறிக்கும் 'அலவன்' அஃறிணைதானே என்று நீங்கள் கேட்பீர்கள், அது பழகிய சொல், இது புதியது.) 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ' என்ற தொல்காப்பிய நூற்பா, பிறமொழிச் சொல் தமிழெழுத்தில் வருவதற்கு வழிவிட்டிருக்கிறது. பட்டறையில் எல்லாரும் ரோபோ என்றே சொல்கிறார்கள். அதை விட்டுவிடுவோம்.

எனக்கு உறுத்துவது 'அறிதல்'. மூட்டொன்றில் மிகைச்சுமை எச்சரிக்கை வருகிறதென்று கொள்வோம். பிரேக் விடுபடாமல் இருக்கலாம், பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம், தூக்கும் எடை அமைப்பில் தவறாகப் பதிவாகியிருக்கலாம், கை எதிலேனும் மோதியிருக்கலாம். செயலி இவற்றை வரிசைப்படுத்தித் தரும், அது உதவிதான். ஆனால் எச்சரிக்கை எண் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறும். மாதிரியைச் சொல்லாமல் கேட்டால் வேறொரு ரோபோவின் விளக்கத்தை உறுதியான குரலில் கூறிவிடும். படத்தையும் ஓசையையும் அதனிடம் கொடுக்கலாம். மோட்டாரின் சூட்டையும், கையால் அசைக்கும்போது மூட்டில் தெரியும் தளர்ச்சியையும் தொட்டுப் பார்த்தவர்தான் சொல்லியாக வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். அது வடியும்வரை காத்திருப்பதும் அவர் பொறுப்பே. இத்தனையும் ஆளிடம் இருக்கையில், கைப்பேசி அறிந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தலைப்பே ஊட்டலாமா?

'நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி' என்று 948ஆம் குறள் மூன்றுமுறை நாடச் சொல்லிவிட்டுத்தான் 'வாய்ப்பச் செயல்' என்கிறது. 'பழுதுநாடல்' என்று வைப்போம். தேடல் இன்னும் முடியவில்லை என்பது அச்சொல்லிலேயே இருக்கிறது.

சித்த மருத்துவ ஆர்வலர் எழுதியது:

நாடலை மனமார வரவேற்கிறேன். நாடி பார்த்தல் என்ற வழக்கும் இதனோடு இயைகிறது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, பரிசம் (தொட்டறிதல்), நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று வரிசை வரும். அவற்றுள் நிறமும் மொழியும் கைப்பேசிக்கு எட்டும்; விளக்கின் நிறத்தையும் மோட்டாரின் ஒலியையும் அது வாங்கிக்கொள்ளும். பரிசம் எட்டாது. நாடு என்னும் வினையிலிருந்தே நாடியும் பிறந்தது என்பது என் துணிபு.

தமிழாசிரியர் எழுதியது:

துணிபுக்குச் சான்று வேண்டும், ஐயா. குருதிக்குழாயைக் குறிக்கும் நாடி வடசொல். குறளில் வரும் நாடி தமிழ் வினையெச்சம். ஒலி ஒத்தால் வேரும் ஒக்கும் என்று கொள்வது சொல்லாய்வாகாது. நாடல் நல்ல சொல்லே, ஆனால் உங்கள் காரணத்தால் அன்று.

'உரையாடி' பற்றி ஒருவரும் பேசவில்லையே! 'உரையாடிப் பழுதுநாடல்' என்று எழுதினால், உரையாடி என்னும் செயலியா, உரையாடிய பின் என்னும் வினையெச்சமா? இரண்டிடத்தும் வல்லினம் மிகுவதால் எழுத்தும் நமக்குத் துணைசெய்யாது.

பொறியியல் கற்பிப்பவர் எழுதியது:

ஆளும் செயலியும் மாறிமாறிக் கேட்டுச் சொல்லித்தான் காரணம் பிடிபடுகிறது என்பதால் இரு பொருளும் எனக்கு உவப்பே. ஆயினும் தலைப்பில் மயக்கம் கூடாது. மொழிபெயர்ப்பாளர் முன்பே எழுதிய 'வழி' அதைத் தீர்க்கிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவர்க்கும் நன்றி. 'உரையாடிவழி ரோபோப் பழுதுநாடல்' என்று அச்சுக்கு அனுப்புகிறேன். பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள், அல்லது மறுத்து எழுத நேரமில்லாமல் விட்டுவிட்டார்கள். தமிழாசிரியர் ஐயாவின் பொறியன் இந்தப் பதிப்பில் இடம்பெறாது.

களப் பராமரிப்பாளர் எழுதியது:

தாமதமாக எழுதுகிறேன், பொறுத்தருள்க. எனக்கு உடன்பாடில்லை. ரோபோ நின்றுபோய் வேலை தடைப்பட்டிருக்கும் நேரத்தில் நான் கையேட்டின் சொல்லடைவைப் புரட்டினால் 'பழுதறிதல்' என்றுதான் தேடுவேன். 'பழுதுநாடல்' என் கண்ணில் படாது. நாடலின் நுட்பத்தை மறுக்கவில்லை. எச்சரிக்கையை இயலின் முதற்பத்தியில் அழுத்தமாக எழுதலாமே, தலைப்பின் மேல் ஏன் ஏற்ற வேண்டும்? தலைப்பை இனி மாற்ற இயலாதெனில், சொல்லடைவிலேனும் இரண்டையும் ஒரே பக்க எண்ணுடன் சேர்த்துவிடுங்கள்.