டயர் இடம் மாற்றியபின் ‘ரீசெட்’: ஒரு சொல்லா, இரண்டா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிவரும் கார்க் கையேட்டுச் சொற்பட்டியல் கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் எல்லாவற்றையும் தாண்டி வந்து ‘டயர் சென்சார் ரீசெட்’டில் முட்டி நிற்கிறது. டயரில் காற்று குறைந்தால் விளக்கெரித்து எச்சரிக்கும் அமைப்புக்கு, டயரை இடம் மாற்றியபின் செய்யும் வேலை அது. ‘மீட்டமை’ என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். கணினியிலும் கைப்பேசியிலும் அந்தச் சொல் நன்றாகவே ஓடுகிறது. அதோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. டயருக்கு மட்டும் அது ஆகாது என்பது என் கட்சி. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டமைத்தால் பழைய நிலை திரும்ப வர வேண்டும். டயரை முன்னும் பின்னும் மாற்றிப் பூட்டியபின் நாம் செய்வதோ, பழைய கணக்கு இனிச் செல்லாது என்று வண்டிக்குச் சொல்வது. அப்படிச் சொல்லும் சங்கதியும் வண்டிக்கு வண்டி வேறு. ஆங்கிலக் கையேடுகள் இரண்டு வேலைகளை ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டன. நாமும் அதே மூடியைத் தமிழில் செய்து போட வேண்டுமா?

முதல் வகை வண்டியில் டயருக்குள் உணரியே (சென்சார்) கிடையாது. சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்காகச் சக்கரத்துக்குச் சக்கரம் வேகம் பார்க்கும் உணரி ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்தே காற்றையும் கணக்குப் போடுகிறார்கள். காற்று இறங்கிய டயர் தரையில் கொஞ்சம் அமுங்கும். அதனால் அதே தூரத்தைக் கடக்க மற்ற மூன்றையும்விடச் சற்றுக் கூடுதலாகச் சுற்றும். அந்த வித்தியாசம் பிடிபட்டால் மஞ்சள் விளக்கு எரியும். ஆக, இந்த வண்டிக்கு 33, 35 பி.எஸ்.ஐ. என்று பங்கில் வைக்கும் காற்றழுத்த எண்ணெல்லாம் தெரியாது. நாலு சக்கரமும் ஒன்றுக்கொன்று எப்படிச் சுற்றுகின்றன என்பதுதான் தெரியும். நாலிலும் ஒரே அளவில் காற்று இறங்கினால், இந்த ஒப்பீட்டை மட்டும் நம்பியிருக்கும் வண்டி ஏமாந்துபோகும். முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். தேய்ந்ததைப் பின்னால் தள்ளி, தேயாததை முன்னால் கொண்டுவந்தால் அது குறித்து வைத்திருந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். அதனால்தான் பொத்தானை அமுக்கி, ‘இப்போது இருப்பதுதான் சரியான அளவு, இதைக் குறித்துக்கொள்’ என்கிறோம். அமுக்கிய மாத்திரத்தில் அது குறித்துக்கொள்வதும் இல்லை. கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் அதற்குப் பிடிபடும்.

இரண்டாம் வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வின் உள்பக்கத்தில், மின்கலத்தோடு ஓர் உணரி உட்கார்ந்திருக்கும். அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து வானொலி அலையில் அனுப்பும். அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433. மின்கலம் ஐந்திலிருந்து பத்து ஆண்டு தாங்கும், தீர்ந்தால் பெரும்பாலும் உணரியையே மாற்ற வேண்டியதுதான். ஒவ்வோர் உணரிக்கும் தனி அடையாள எண் உண்டு. எந்த எண் எந்த மூலையில் என்று வண்டி ஒரு கணக்கு வைத்திருக்கும். டயரை இடம் மாற்றினால் உணரியும் கூடவே போய்விடும். கணக்கு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். ஆணி ஏறியது பின்னால், திரை காட்டுவது முன்னால். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு சொல்லியிருக்கும் வண்டியில் இது இன்னும் வம்பு. இங்கே காற்றைப் பற்றி வண்டிக்கு எதுவும் சொல்லித்தர வேண்டாம், அதுவே அளந்துகொள்ளும். யார் எங்கே என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

இதிலும் சில வண்டிகள் தாமே கண்டுபிடித்துக்கொள்கின்றன. உணரி சுற்றும் கோணத்தை ஏ.பி.எஸ். எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்து, இது இந்தச் சக்கரம் என்று முடிவுக்கு வந்துவிடும். மற்றவற்றுக்குக் கையடக்கக் கருவி ஒன்றை வால்வுக்குப் பக்கத்தில் பிடித்து, வண்டி கேட்கும் வரிசையில் ஒவ்வோர் உணரியையும் எழுப்பிவிட வேண்டும்.

நெல்லை வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு டயர் கடையில் இந்த வேலையைக் கூடவே நின்று பார்த்தேன். வண்டியைத் தூக்கியதும் பையன் சாக்பீஸை எடுத்து டயரில் எழுதினான்: மு.டி., மு.கி., பி.டி., பி.கி. முன் டிரைவர், முன் கிளீனர், பின் டிரைவர், பின் கிளீனர் என்று அர்த்தமாம். காருக்கு ஏது கிளீனர் என்று கேட்காதீர்கள். லாரிப் பட்டறையில் பிறந்த பேச்சு, காருக்கும் வந்துவிட்டது. பின்னிரண்டும் குறுக்காக முன்னால் வந்தன, முன்னிரண்டும் நேராகப் பின்னால் போயின. நட்டு முறுக்கி, நாலிலும் காற்றைச் சரிபார்த்து இறக்கியாயிற்று. திரையில் நாலு மூலையிலும் எண் வரவில்லை, வெறும் கோடு. வண்டிக்காரர் முகம் சுருங்கியது. பையன் அலட்டிக்கொள்ளவே இல்லை. “டயர மாத்தியாச்சு அண்ணாச்சி, வண்டிக்கு இன்னும் தெரியாதுல்லா. பைபாஸ்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, பழகிரும்.”

‘பழகிரும்’ என்ற அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். வண்டிமாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நுகத்தில் வலப்பக்கம் இழுத்துப் பழகிய காளையை இடப்பக்கம் பூட்டினால் முரண்டு பிடிக்கும். காளைக்குப் பலம் போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இடம் பழகவில்லை என்பார்கள், வெறும் வண்டியில் பூட்டிப் பழக்குவார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: முதல் வகைக்குக் ‘காற்றளவு பதித்தல்’, இரண்டாம் வகைக்குச் ‘சக்கர இடம் பழக்குதல்’. திரையிலும் பொத்தானிலும் இடம் குறைச்சல் என்பதால் ‘அளவு பதி’, ‘இடம் பழக்கு’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இது வெறும் சொல் அழகுக்காக இல்லை. ‘மீட்டமை’ என்று பொத்தானில் எழுதியிருந்தால் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? விளக்கு எரிகிறது, அமுக்குகிறார், விளக்கு அணைகிறது, சரியாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். 33 இருக்க வேண்டிய டயரில் 24 இருந்தாலும், முதல் வகை வண்டி அதையே சரியான அளவாக வாங்கிக்கொள்ளும். அப்புறம் அது எப்போது எச்சரிக்கும்? அதற்கும் கீழே நன்றாக இறங்கிய பிறகுதான். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவில் கால் பங்கு குறைந்தாலே விளக்கு எரிய வேண்டும். 33 என்றால் ஏறக்குறைய 25. ‘காற்றளவு பதி’ என்று எழுதியிருந்தால், பதிக்கும் முன் அளவு சரியா என்ற கேள்வி அந்தச் சொல்லிலேயே தொக்கி நிற்கும்.

கையேட்டில் இன்னொரு வரியும் அழுத்தமாகப் போட வேண்டும்: டயர் ஆறியிருக்கும்போது அளந்துதான் பதிக்க வேண்டும். மட்டமத்தியானத்தில் நாகர்கோவிலிலிருந்து நாற்கரச் சாலையில் வந்து, நாங்குநேரி தாண்டி பங்கில் நிறுத்திக் காற்றுப் பார்த்தால் எண் ஏறித்தான் காட்டும். வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஏறிவிடும். ‘கூடிப்போச்சே’ என்று அதில் இறக்கிவிட்டுப் பதித்தால், காலையில் டயர் ஆறியதும் குறைந்துதான் நிற்கும். மூன்று மணி நேரமாவது வண்டி நின்றிருந்தால் நல்லது.

இனி, வந்த மறுப்புகளுக்கு.

// ‘இடம் பழக்குதல்’ என்றால் இடப்பக்கம் பழக்குவது என்று ஆகாதா? //

ஆகும், தனியாகச் சொன்னால். ‘சக்கர இடம்’ என்று முன்னொட்டு வந்தால் குழப்பம் இல்லை. பொத்தானில் சுருக்கும்போதும் பக்கத்தில் சக்கரப் படம் இருக்கத்தான் போகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, நாலு மூலைகளுக்கும் என்ன பெயர் வைப்பது என்பது. வலம், இடம் என்றால் வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கிறவருக்கு மாறிப்போகும். ‘ஓட்டுநர் பக்கம், எதிர்ப்பக்கம்’ என்று போடலாம் என்பது என் யோசனை. ‘கிளீனர் பக்கம்’ என்று போட எனக்கு ஆசைதான். கையேட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இடப்பக்கம் ஓட்டுநர் உட்காரும் நாட்டுக் கையேட்டைப் பார்த்துப் பெயர்க்கும்போது மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஓட்டுநர் பக்கம் நமக்கு எதிர்ப்பக்கம்.

// டயரை டயர் என்றே விட்டுவிட்டு என்ன கலைச்சொல்? ‘உருளிப்பட்டை’ இருக்கிறதே. //

இருக்கிறது. பஞ்சர் கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். டயர், டியூப், வால்வு மூன்றும் தமிழாகி வெகுகாலமாயிற்று. ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் நாட்டு லனெலி ஊரில் ஒரு தெருவின் பெயர் அது. நூறாண்டுக்கு முன்னால் அங்கே செய்த உபரிச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டி, நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்களிலேயே பெரும்பாலோருக்கு இன்று அந்தச் சொல் தெரியாது, ஆலங்குளம் பஸ் டிரைவருக்குத் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்டெப்னிக்கு வேட்டு வைத்ததே நாம் பெயர் தேடும் இந்த உணரிதான். 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, டியூப் இல்லாத டயரும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் காற்றழுத்தக் கண்காணிப்பும் உள்ள, 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

// ‘காற்றளவு’ என்கிறீர்களே, அழுத்தம் எங்கே போயிற்று? //

அமைப்பின் முழுப்பெயரில் இருக்கட்டும்: ‘டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு’. ஆனால் எச்சரிக்கை வாசகத்தில் ‘காற்றழுத்தம் தாழ்வு’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ரேடியோ கேட்கிற நம் ஆட்கள் வங்கக் கடலில் என்னவோ என்று வானத்தைப் பார்ப்பார்கள். ‘காற்று குறைவு’ போதும். பங்கில் ‘எத்தனை வைக்கட்டும்?’ என்று கேட்கும் தம்பிக்கு அழுத்தம் என்று யாரும் சொல்வதில்லை. ‘முன்ன முப்பத்திமூணு, பின்ன முப்பத்தஞ்சு’ என்பதோடு சரி.

// ‘ரொட்டேஷன்’ என்பதற்கு ‘டயர் சுழற்சி’ என்று போடலாமா? //

வேண்டாம். டயர் எப்போதும் சுழன்றுகொண்டுதானே இருக்கிறது. பயிர்ச் சுழற்சி என்று வேளாண்மையில் சொல்வது சரி, பயிர் தானாகச் சுற்றுவதில்லை. இங்கே ‘டயர் இடமாற்றம்’ என்பதே போதும். கடையிலும் ‘டயர் மாத்தணும்’ என்றால் புது டயர் எடுத்து வைப்பார்கள், ‘இடம் மாத்தணும்’ என்றால்தான் வேலை தொடங்கும். ஒரு திசைக்கென்றே வார்த்த டயரைக் குறுக்கே மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்பின் மட்டும்தான் என்ற குறிப்பையும் அந்தப் பதிவில் சேர்த்துவிடுகிறேன்.

// ‘ரீலேர்ன்’ என்றும் சில கையேட்டில் வருகிறது. ‘மறுகற்றல்’ சரிவராதா? //

தவறில்லை. ஆனாலும் கற்றலுக்குப் பள்ளிக்கூட வாசனை அடிக்கிறது, தேர்வில் தோற்று மறுபடி எழுதுவதுபோல் தோன்றுகிறது. ‘பழக்குதல்’ இருக்கும்போது எதற்கு? தானாகக் கண்டுகொள்ளும் வண்டிக்குத் ‘தானே பழகல்’ என்றும், கருவியால் செய்வதற்குக் ‘கருவியால் பழக்குதல்’ என்றும் பிரித்துக்கொள்ளவும் அது வளைந்துகொடுக்கிறது.

கடைசியாக, தென்காசி அண்ணாச்சி ஸ்டெப்னி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். இரண்டாம் வகையிலும் பல வண்டிகளில் ஸ்டெப்னிக்குள் உணரி இருக்காது. அதை மாட்டி ஓட்டினால், எதிர்பார்த்த எண்ணிலிருந்து தகவல் வராததால் விளக்கு ஒரு நிமிடம்போல மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரியும். மினுக்காமல் நேராக எரிந்தால் காற்றுக் குறைவு; மினுக்கிவிட்டு எரிந்தால் அமைப்பில்தான் கோளாறு. இரண்டுக்கும் ஒரே விளக்கு என்பதால் கையேட்டில் இரண்டு வாசகம் கட்டாயம் வேண்டும். ‘காற்று குறைவு’, ‘உணரித் தகவல் இல்லை’ என்று வைத்திருக்கிறேன். இரண்டாவது எனக்கே அவ்வளவாகத் திருப்தி இல்லை. ‘உணரி பேசவில்லை’ என்றால் கொஞ்சம் விளையாட்டாக இருக்குமோ என்று தயக்கம். நல்லது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மற்ற சொற்களைத் திங்கட்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து