‘என்டரோடாக்சின்’: குடல்நஞ்சா, குடல்தாக்கு நஞ்சா?

அண்ணாச்சி,

கிருமி வெளியிட்டுக் குடலில் வேலை காட்டும் நஞ்சுதான் ‘என்டரோடாக்சின்’. அதற்குத் தமிழில் நீங்கள் வைத்த ‘குடல்நஞ்சு’ எனக்கு இடிக்கிறது. பாம்பு நஞ்சு என்றால் பாம்பினுடையது. அந்தக் கணக்கில் குடல்நஞ்சைக் குடல் சுரப்பது என்றுதானே படிப்பார்கள்? ‘குடல்தாக்கு நஞ்சு’ என்று வைத்துவிட்டால் குழப்பமில்லை.

— பாளையங்கோட்டையிலிருந்து

தம்பி,

கடையில் எலி விஷம் கேட்டால் எலியிடம் கறந்தா தருகிறார்கள்? தமிழில் தொகைச்சொல் இரண்டு பக்கமும் ஓடும். எனக்கு இடிப்பது உங்கள் ‘தாக்கு’.

1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமி நீங்கிய வடிநீரை மட்டும் முயலின் கட்டிவிட்ட குடல்துண்டுக்குள் செலுத்தினார். குடல் நீர் கோத்து உப்பியது. கிருமி அங்கே இல்லை. நஞ்சு தனியாகவே வேலையைக் காட்டிவிட்டது. அது உட்சுவர்ச் செல்லுக்குள் புகுந்து ஒரு சுவிட்சை அணையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, பின்னாலேயே தண்ணீர். சுவரில் புண் கிடையாது.

‘அரிசி களைஞ்ச தண்ணியாட்டம் போவும்’ என்பாள் எங்கள் ஆச்சி. மருத்துவப் புத்தகத்திலும் அதே உவமைதான்! கடுமையான காலராவில் வளர்ந்த ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை போய்விடும். ‘பேதீல போவான்’ என்று நம் பக்கம் வைவது சும்மா இல்லை. ஆனாலும் சுவர் கெடாமல் இருப்பதால்தான் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உள்ளே ஏறுகிறது. ‘தாக்கு’ என்று போட்டால் இது மறைந்துபோகும்.

— அம்பாசமுத்திரத்திலிருந்து

அண்ணாச்சி,

சரி, எலி விஷத்துக்குத் தோற்றேன். அப்புறம் ஷிகெல்லா போன்ற கிருமிகள் விடும் ஷிகா நஞ்சை எங்கே வைப்பது? அது செல்லின் புரத உற்பத்தியை நிறுத்தி அந்தச் செல்லையே காலி செய்கிறது. ரத்தபேதி ஆகும், சில பேருக்குச் சிறுநீரகம் வரை போய்க் கெடுக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் ஆகாது. குடல்நஞ்சு பொதுப்பெயராக இருக்கட்டும். ஷிகா வகை ‘செல்கொல்லி நஞ்சு’. காலரா வகை, கமலை இறைப்பது மாதிரி இறைப்பதால், ‘இறைநஞ்சு’.

தம்பி,

இறைநஞ்சு என்றால் சிவன் குடித்ததாக்கும் என்று நினைப்பார்கள். ‘நீரிறை நஞ்சு’ என்று போடுங்கள். செல்கொல்லி சரி.

ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி ஒன்று பாக்கி. கெட்ட குழம்பைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், அதன் நஞ்சு சாகாது. சில மணி நேரத்தில் வாந்தி. அதற்கு ‘வாந்திநஞ்சு’ என்று இன்றே ஆரம்பித்துவிடாதீர்கள், நான் இன்னும் சாப்பிடவில்லை.