மோட்டார் வைத்த பைன்வுட் டெர்பி கார், மோட்டார் இல்லாத காரைவிட மெதுவாக ஓடுகிறது: உதவி தேவை

கப்_ஸ்கவுட்_அப்பா: அவசரம், சனிக்கிழமை பைன்வுட் டெர்பி ரேஸ் (சரிவான ட்ராக்ல சின்ன மரக் காரை உருள விடுற போட்டி). பையனோட கப் ஸ்கவுட் பேக்ல (சின்னப் பசங்க சாரணர் குழு) இந்த வருஷம் பெற்றோருக்குத் தனியா அவுட்லா பிரிவு, அதாவது வழக்கமான விதி இல்லாதது, மோட்டார் வைக்கலாம். பின் சக்கரத்துக்கு மோட்டார் கொடுத்தாச்சு, பேட்டரியும் புதுசு. ஆனா பையனோட சாதாரண கார் முந்திடுது. எங்க தப்பு?

சரிவுப்பாதை: எந்த மோட்டார்? கியர் உண்டா? எத்தனை வோல்ட்? ட்ராக் எத்தனை அடி? விதித்தாள்ல எடையும் அகலமும் என்ன?

கிராஃபைட்_கை: கிட்ல வர்ற ஆணி அச்சுல தலைக்குக் கீழ பிசிறு இருக்கும். அரத்தால எடுத்துட்டு 400, 600, 1000 நம்பர் உப்புத்தாள்ல வரிசையா தேய்ங்க. அப்புறம் தாராளமா கிராஃபைட் பொடி. மோட்டாரை அப்புறம் பாக்கலாம்.

கியர்பெட்டி: மோட்டார் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்காவது போட்டுட்டு வந்திருக்கலாம். இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுறது? 4 அடி உயரத்துல இருந்து இறங்குற கார், உராய்வு போக, நொடிக்கு 4.5 மீட்டர் பக்கம் வேகம் எடுக்கும். சக்கரத்தோட விட்டம் 30 மிமீ, சுற்றளவு 94 மிமீ. அந்த வேகத்துல சக்கரம் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 2,900 சுத்து சுத்தணும். உங்க மோட்டார் எவ்வளவு சுத்துது?

கப்_ஸ்கவுட்_அப்பா: ரோபோ கிட்ல வருமே, மஞ்சள் கியர் மோட்டார், அதுதான். 4 ட்ரிபிள் ஏ பேட்டரி. மேல வச்சு ரப்பர் பெல்ட்ல பின் அச்சை இழுக்குது, ரெண்டு கப்பியும் ஒரே அளவு. ட்ராக் 42 அடி அலுமினியம். எடை 5 அவுன்ஸ், அகலம் 2¾ அங்குலம்.

சரிவுப்பாதை: விஷயம் அங்கதான் இருக்கு. அது 48-க்கு 1 கியர். 6 வோல்ட்ல நிமிஷத்துக்கு 200 சுத்து வந்தாலே பெரிசு. அதாவது நொடிக்கு 0.3 மீட்டர். கார் முதல் அடியைத் தாண்டும்போதே அதைவிட வேகமா போயிடுது. அதுக்கப்புறம் சக்கரம்தான் கியரையும் மோட்டாரையும் இழுத்துச் சுத்துது, மொத்தமும் பிரேக். பெல்ட்டைக் கழட்டிட்டு ஒரு தடவை விட்டுப் பாருங்க, உடனே தெரியும்.

பழைய_சால்டரிங்: கியர் இல்லாத 130 மோட்டார் (பொம்மைக் கார்ல வர்ற சின்ன மோட்டார்) போட்டு, பின் சக்கரத்துல ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாட்டினா போதும்.

சரிவுப்பாதை: ஓ-ரிங் இருந்தா பிடி கிடைக்கும், ஒத்துக்கிறேன். ஆனா கப்பி விகிதம், அச்சு நேர்கோடு எல்லாம் சனிக்கிழமைக்குள்ள சரி பண்றது கஷ்டம். ப்ரொபெல்லருக்குச் சக்கரப் பிடியே வேண்டாம், நாலு சக்கரமும் சும்மா உருளும். சின்ன ட்ரோன்ல வர்ற 8520 கோர்லெஸ் மோட்டார், 55 மிமீ இறக்கை, ஒரு செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), 25சி-க்குக் குறையாம (எவ்வளவு வேகமா மின்சாரம் தர முடியும்ங்கிற அளவு). இறக்கை வாலுக்கு மேல நிக்கணும். ட்ராக் நடுப்பட்டி (ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவுல காருக்கு வழிகாட்டுற பட்டி) கால் அங்குல உயரம், அதுல உரசவே கூடாது. சுத்தி ஒரு வளையம் கட்டாயம், குழந்தைங்க கை வைப்பாங்க. முடிவுக்கோட்டு டைமர் பாலத்துக்கு அடியில நுழையுதான்னு முன்னாடியே அளந்துக்கோங்க.

ஓடுறதுக்கு முன்னாடி சமையல் தராசுல காரை மூக்கு கீழ இருக்குற மாதிரி செங்குத்தா பிடிச்சு, தராசு காட்டுற எண்ணைப் பூஜ்யமாக்கி, மோட்டாரை ஓட விடுங்க. 30 கிராமுக்கு மேல ஏறணும். பத்துப் பதினைஞ்சுலயே நின்னா இறக்கை தலைகீழா மாட்டியிருக்கு. வயரை மட்டும் மாத்துறது தீர்வு இல்ல.

கியர்பெட்டி: எடையை 5 அவுன்ஸுக்கு நிரப்பிடுங்க. டங்ஸ்டன் (கனமான உலோகம்) வச்சு, காரோட எடை மையம் பின் அச்சுக்கு ஒரு அங்குலம் முன்னாடி வரணும். இது மாறாத விதி.

பழைய_சால்டரிங்: அது மோட்டார் இல்லாத காருக்கான விதி சார். சரிவுல ஈர்ப்பு தர்ற முடுக்கம் எடையைப் பொறுத்து மாறாது. காற்றுத்தடையைச் சமாளிக்கத்தான் சாதாரண கார்ல எடை ஏத்துறோம். ப்ரொபெல்லரோட தள்ளுவிசை அந்தத் தடையைவிட அதிகமா இருக்கிற வரைக்கும், எடை குறையக் குறைய முடுக்கம் கூடும். 40 கிராம் விசை 142 கிராம் காரைத் தள்ளுறதும் 90 கிராம் காரைத் தள்ளுறதும் ஒண்ணா?

கியர்பெட்டி: 90 கிராம் கார் வளைவு முடியுற இடத்துல துள்ளும். இறக்கை சுத்துற எதிர்விசைல ஒரு பக்கச் சக்கரம் லேசாகி, நடுப்பட்டில மோதும். அனுபவம் இல்லாம ஃபார்முலா சொல்றது சுலபம்.

பழைய_சால்டரிங்: அப்போ பேட்டரியை அடிமட்டத்துல, தாழ வைங்க. அதுக்காக 50 கிராம் ஈயத்தைச் சுமக்க வேண்டியதில்ல.

கிராஃபைட்_கை: யாரும் இன்னும் அச்சைப் பத்திப் பேசல.

சரிவுப்பாதை: அச்சு முக்கியம்தான். ஆனா கிராஃபைட் மின்சாரம் கடத்தும். மோட்டாரையும் சுவிட்சையும் மாட்டுறதுக்கு முன்னாடியே போட்டு, தட்டித் துடைச்சிடுங்க. பிரஷ்ஷுக்குள்ள போனா மோட்டார் போச்சு.

கப்_ஸ்கவுட்_அப்பா: பெல்ட்டைக் கழட்டினதும் பையன் காரோட சமமா வருது. 8520 வந்தாச்சு. தராசுல முதல்ல 11, இறக்கையைத் திருப்பி மாட்டினதும் 34. ரொம்ப நன்றி. ஸ்டார்ட்ல மோட்டாரை எப்படி ஆன் பண்றது? முடிவுல எப்படி நிறுத்துறது?

சரிவுப்பாதை: ரெண்டுக்கும் ஒரே மைக்ரோ சுவிட்ச். நீள நெம்பு உள்ளது, 3 ஆம்பியர் தாங்கணும், மூக்கு நடுவுல. வயரைப் பொதுமுனைக்கும் என்சி முனைக்கும் (நெம்பை அமுக்காதப்போ இணைஞ்சிருக்குற முனை) கொடுங்க. ஸ்டார்ட் பின் (காரைத் தொடக்கத்துல தடுத்து நிறுத்துற குச்சி) நெம்பை அமுக்கி வைக்கிற வரைக்கும் மோட்டார் ஓடாது, பின் விழுந்ததும் ஓடும். நெம்பு அமுங்க 25 கிராம் விசைக்கு மேல கேட்கக் கூடாது. சரிவுல காரோட சாய்வு அழுத்தமே 60 கிராம் பக்கம்தான், எடையைக் குறைச்சா அதுவும் குறையும். கடினமான நெம்பா இருந்தா சரியா அமுங்காம, வரிசையில நிக்கும்போதே மோட்டார் ஓட ஆரம்பிச்சிடும். நெம்பு அந்த ஸ்டார்ட் பின்ல ஊன்றி காரைத் தள்ளுற மாதிரி தெரியலாம், அதனால ரேஸ் நடத்துறவர்கிட்ட முன்னாடியே காட்டி அனுமதி வாங்கிடுங்க. ட்ராக் கடைசியில மடிச்ச துண்டோ ஃபோமோ வைக்கச் சொல்லுங்க. மூக்கு அதுல குத்தினதும் அதே நெம்பு அமுங்கி மோட்டாரை நிறுத்திடும்.