ஒரே டின் இரண்டாக எண்ணப்படுவது ஏன்?

காவேரிப்பட்டணம், பராமரிப்புப் பிரிவு:
வணக்கம். எங்கள் மாங்கூழ் ஆலையில் டின்களை எண்ணுவதற்காக, கன்வேயரின் ஒரு பக்கம் ஒளிமின் சென்சாரும் எதிர்ப்பக்கம் ரிஃப்ளெக்டரும் பொருத்தியிருக்கிறோம். லேபிள் ஒட்டாத வெறும் டின் சில நேரங்களில் இரண்டாகப் பதிவாகிறது. லேபிள் ஒட்டிய டின்களில் அந்தக் குறை இல்லை. ஆனால், பெங்களூரா வகை மாம்பழ வரத்து மிகும் நாட்களில் அவை ஒன்றையொன்று ஒட்டியபடி வந்தால் இரண்டும் ஒன்றாகப் பதிவாகின்றன. சென்சார் பழுதாகிவிட்டதா?

ஓசூர், மின்பணியாளர்:
சென்சார் பழுதாகவில்லை என்றே கருதுகிறேன். இவ்வகையில் ஒளியை அனுப்பும் பகுதியும் பெறும் பகுதியும் ஒரே கூட்டில் இருப்பதால், ரிஃப்ளெக்டரிலிருந்து ஒளி திரும்பி வராத நேரத்தையே பொருள் இருக்கும் நேரமாக அது கொள்கிறது. பளபளக்கும் உருளையின் முன்விளிம்பு ஒளியை வேறு திசையில் சிதறடிக்கிறது. நடுப்பகுதி நேர் எதிரே வரும் கணத்தில் அதுவே கண்ணாடியாகி ஒளியைத் திருப்பி அனுப்ப, பின்விளிம்பில் மீண்டும் ஒளி மறைகிறது. இப்படி இருமுறை மறைவதால், சென்சாரின் சிக்னலைப் பெற்று எண்ணும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. இரண்டு என எண்ணுகிறது.

போலரைஸ்டு வகையை வாங்கிப் பொருத்துங்கள். அதில், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள் அனுப்பும் பகுதியிலும் பெறும் பகுதியிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருக்கும். ரிஃப்ளெக்டரில் உள்ள முப்பட்டை மூலைகள் ஒளியின் அதிர்வுத் தளத்தை மாற்றுவதால் அந்த ஒளி உள்ளே நுழையும். தகரத்தில் பட்டுத் திரும்பும் ஒளி தளம் மாறாததால் வடிகட்டியிலேயே நின்றுவிடும். டின்னின் மீது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்தால் இந்த உத்தி பலிக்காமல் போகலாம், ஏனெனில் அந்த உறையும் தளத்தை மாற்றக்கூடும்.

தர்மபுரி, கருவிப் பிரிவு:
மேலே சொன்னது முதல் குறைக்குச் சரி. ஒட்டி வரும் டின்களுக்கு இடையே ஒளி கடக்க இடைவெளியே இல்லாததால், எதிரொளி வகையில் எதை மாற்றினாலும் இரண்டாவது குறை அப்படியேதான் இருக்கும். எண்ணுவது தகரத்தை என்றால் ஒளி எதற்கு? உலோகம் அருகில் வந்தாலே தொடாமல் உணரும் இன்டக்டிவ் புரோக்சிமிட்டி சென்சாரில், 30 மி.மீ. விட்டமுள்ளதை எடுத்துக்கொண்டால், முகப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை எஃகை ஏறத்தாழ 15 மி.மீ. தூரத்தில் உணரும், வளைந்த பரப்புக்கு அத்தூரம் சற்றுக் குறையும் என்பதால் 6 முதல் 8 மி.மீ. இடைவெளியில் பொருத்தலாம். டின்னின் புடைத்த நடுப்பகுதி மட்டும் அதன் எல்லைக்குள் வரும். இரு டின்கள் தொடும் பள்ளம் விட்டத்தில் பாதியளவு உள்ளே தள்ளியிருப்பதால் அங்கே சிக்னல் அறுந்துவிடும். சென்சாருக்கு அருகில் வழிகாட்டிக் கம்பி எஃகாக இருந்தால் அதையும் உணர்ந்துவிடும், ஆகவே அங்கே பிளாஸ்டிக் பட்டையே தேவை.

காவேரிப்பட்டணம், பராமரிப்புப் பிரிவு:
மிக்க நன்றி ஐயா. குளிர்விக்கும் தொட்டியிலிருந்து டின்கள் ஈரத்துடன் வருகின்றன, அது இடையூறாகுமா?

தர்மபுரி, கருவிப் பிரிவு:
இன்டக்டிவ் வகைக்கு நீர்த்துளி ஒரு பொருட்டல்ல. லென்ஸில் கூழும் நீராவியும் படியும் இடத்தில் ஒளிமின் சென்சாரைத்தான் அடிக்கடி துடைக்க நேரிடும். கேபிள் இணைப்பு மட்டும் நீர் புகாததாக இருக்கட்டும். பழைய சென்சாரின் சிக்னல் வெளியீடு என்.பி.என். வகையா பி.என்.பி. வகையா (இவை மின்னிணைப்பு முறையில் வேறுபடும்) என்று பார்த்து, பி.எல்.சி. உள்ளீட்டுக்குப் பொருந்துவதையே வாங்குங்கள்.