பொருள்: நோலெபின்னிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

ஒஸ்லோவிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் வைக்கிங் சந்தைக்கு (வைக்கிங்குகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த கடலோடிகள்) போய், அந்தக் காலத்து உடுப்போடு கூடாரத்தில் இருப்பவர்களிடம் ஒரு கைவேலை பழகி வந்திருக்கிறார்கள். நோர்வே மொழியில் நோலெபின்னிங். 'நோல்' ஊசி, 'பின்னிங்' கட்டுதல். எலும்பிலோ மரத்திலோ செய்த தட்டையான ஊசி ஒன்றும் கம்பளி நூலும் போதும். பெருவிரலில் வளையம் போட்டு, முந்தின வளையங்களுக்குள்ளால் ஊசியை விட்டு நூல் முழுவதையும் இழுக்க வேண்டும். வரும் சனிக்கிழமை கண்காட்சி. தமிழில் பெயர்ப்பலகை வேண்டும். வியாழனுக்குள் ஒரு சொல் தாருங்கள்.

மதுரை:
அம்மா, சொல் உங்கள் கையிலேயே இருக்கிறது. நோல் என்பது நூல், பின்னிங் என்பது பின்னல். நூற்பின்னல்! வைக்கிங்குகள் தமிழர் என்று நான் சொல்லவில்லை, ஆனால்...

சென்னை:
ஐயா, அந்த "ஆனால்" வேண்டாம். நோலுக்கு உறவு ஜெர்மன் நாடெல். பின்னிங்கில் எழுத்தில் ஒரு 'டி' உண்டு, பேச்சில் விழுங்குகிறார்கள். அது ஆங்கில பைண்ட், வடமொழி பந்தம். வேர் பார்த்துப் பெயர்த்தால் 'ஊசிப்பந்தனம்' என்றுதான் வரும். ஏதோ ஆசனம் மாதிரி இருக்கிறது.

மதுரை:
பந்தமே பிணை என்பதன் திரிபுதான். பின், பின்னு, பிணை, பிணையல்... விரிவாக இரவு எழுதுகிறேன்.

திருப்பூர்:
எழுதுங்கள் ஐயா, டீச்சருக்கு வியாழன்தான் கெடு. நான் இலக்கணக்காரன் இல்லை, பனியன் கம்பெனிக்காரன். பின்னல் என்று வைத்தால் எங்கள் ஊர்ச் சரக்கு என்றுதான் நினைப்பார்கள். பின்னலில் நூல் உருண்டையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு கண்ணி அறுந்தால் ஏணி மாதிரி ஓடிவிடும். இதில் நூலின் கடைசி முனைவரை கண்ணி வழியே வெளியே வரவேண்டும். அப்படியென்றால் உருண்டை உதவாதே, கையளவு நூல்தானே?

ஒஸ்லோவிலிருந்து:
ஓம் அண்ணா, துண்டு துண்டாகத்தான். தீர்ந்ததும் அடுத்த துண்டை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதில்லை. இரண்டு நுனியையும் பஞ்சாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையில் துப்பி, சூடு ஏறும்வரை உரசினால் கம்பளி ஒட்டிவிடும். முதல் நாள் "சீ" என்ற பிள்ளைகள் இப்போது வகுப்பு முழுக்கத் துப்பிக்கொண்டிருக்கிறார்கள். கத்தரித்தாலும் ஓடாது. இங்கிலாந்தில் யோர்க் நகரத்து காப்பர்கேட்டில் தோண்டியெடுத்த 10ஆம் நூற்றாண்டுக் காலுறை இந்த வேலைதான். எகிப்தில் கிடைத்த இன்னும் பழைய சிவப்புக் காலுறைகளைப் பின்னல் என்றே ஒருகாலம் நினைத்திருந்தார்கள். ஆய்வாளர்களே ஏமாந்த இடத்தில் நாமும் பின்னல் என்று எழுத வேண்டுமா?

மதுரை:
சரி, பின்னலை விட்டேன். பொருநராற்றுப்படையைப் பாருங்கள்: 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்'. இழை நுழைகிறது, ஊசி இருக்கிறது. சிலம்பிலும் துன்னகாரர், அதாவது தையற்காரர், வருகிறார்கள். 'ஊசித்துன்னல்'. இதைவிட என்ன வேண்டும்?

சென்னை:
சிதாஅர் என்றால் கந்தல், ஐயா. பொருநன் கட்டியிருந்த ஒட்டுத்துணி. குழந்தை ஆசையாகச் செய்த தொப்பிக்கு அந்தப் பெயரா? அப்புறம், வடமொழியில் தையற்காரனுக்குத் துன்னவாயன் என்று பெயர். தூய தமிழ் தேடிப்போய் எங்கே வந்து நிற்கிறீர்கள்!

மதுரை:
அவர்கள்தான் நம்மிடம் எடுத்தார்கள். தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

சென்னை:
வந்தது. பதினான்கு பக்கம்.

யாழ்ப்பாணம்:
எங்கள் கரையில் வலையின் ஒவ்வொரு வளையமும் கண்ணிதான். கண்ணிக்குள்ளால் ஊசி கோத்துக்கொண்டு போகிற வேலை இது. 'கண்ணிக்கோவை' என்று நினைத்தேன். ஆனால் கோவை என்றால் இங்கே கந்தோர் ஃபைல், உங்களுக்கு ஊர். 'கண்ணிக்கோப்பு' சரிவருமா?

திருப்பூர்:
இங்கே கோப்புதான் ஃபைல்! கோர்வை என்று வைக்கலாமென்றால் அதுவும் காஞ்சிபுரத்தில் போய்விட்டது. சேலையின் கரையையும் உடலையும் வேறு வேறு நிறத்தில் சேர்த்து நெய்வதற்கு அதுதான் பெயர்.

மதுரை:
கோர்வையே வழு. கோத்தல்தான் சரி, நடுவில் ரகரம் இல்லை.

யாழ்ப்பாணம்:
அப்ப 'கண்ணிகோத்தல்' என்றே வைப்போமே. யாருடைய ஃபைலும் இல்லை.

ஒஸ்லோவிலிருந்து:
'கண்ணிகோத்த தொப்பி', 'கண்ணிகோத்த காலுறை' என்று சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு வருகிறது. இதையே எழுதுகிறேன், கீழே சின்னதாக நோலெபின்னிங்.

சென்னை: சரி.

திருப்பூர்: எனக்கும் சரி.

மதுரை:
கண்ணி என்றால் பறவைக்கு வைக்கும் பொறியும்தான். என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.

ஒஸ்லோவிலிருந்து (ஞாயிறு):
கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. ஒரு சின்னப் பையன் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "டீச்சர், இதுல என்ன குருவி பிடிப்பீங்க?" என்று கேட்டான். மதுரை ஐயாவுக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

இன்னொன்று. பிள்ளைகள் இப்போது அட்டையில் நாடா நெய்யத் தொடங்கிவிட்டார்கள். நாலு மூலையிலும் துளையிட்ட சதுர அட்டைகளில் நூல் கோத்து, அட்டைகளைச் சேர்த்துத் திருப்பித் திருப்பி நெய்வது. 1904இல் இங்கே தோண்டியெடுத்த வைக்கிங் காலத்து ஒசெபர்க் கப்பலில் 52 அட்டைகள், பாதி நெய்த நாடாவோடு அப்படியே கிடைத்தன. இதற்கு என்ன சொல்லலாம்?

மதுரை:
பொறுங்கள். 'நாடா' தமிழ்தானா என்று முதலில் பார்ப்போம்.

சென்னை:
டீச்சர், தயவுசெய்து தனி இழையில் கேளுங்கள்.